முனுசாமி மறைத்த கைகள்

1931 ஆடி, வியாழன். வாணியம்பாடி.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்களுக்குக் கையெல்லாம் புண். புங்க எண்ணெய் பூசினால் ஆறிவிடும் என்கிறார்கள். சொன்னால் போதுமா, சோதித்துப் பார்க்க வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன் நான். இரண்டு வாரத்துக்கு முன், அங்கே ஜோடியாக வேலை செய்யும் இருவரிடம் பேசினேன். கபூர் எண்ணெய் பூசிக்கொண்டு இறங்க வேண்டும், முனுசாமி பூசாமல் இறங்க வேண்டும். தொட்டி ஒன்று, வேலை ஒன்று, எண்ணெய் மட்டும்தான் வித்தியாசம். நாளை வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்வதாக இருந்தேன்.

இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். முனுசாமி சிரித்துக்கொண்டே கைகளை நீட்டினார். அவர் கைகளும் ஆறியிருந்தன.

"நீங்களும் பூசினீங்களா?" என்றேன்.

கபூர்தான் பதில் சொன்னார். "இன்னா வாத்தியாரே, பக்கத்துல நின்னு எரியுது எரியுதுன்னு துடிக்கிறான். நான் மட்டும் எப்படி பூசிக்கிறது? ஆளுக்குப் பாதி பூசிக்கினோம்."

"எல்லாம் பாழாப்போச்சே!" என்று கத்திவிட்டேன்.

முனுசாமியின் சிரிப்பு நின்றது. கைகளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "தப்புதான் சார்" என்றார்.

கண்ணை மூடினால் அந்தக் கைகள் பின்னால் போவதுதான் தெரிகிறது. ஆறிய புண்ணைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கை பூசாமல் இருந்தாக வேண்டும். அதில் தப்பில்லை.

பூசாமல் தொட்டியில் இறங்க என் கை சும்மாதானே இருந்தது.