ஸபியா சொன்னதும் நான் சொன்னதும்

17 ஜூன் 2025, செவ்வாய்

இன்று துணிக்கடை அரை நாள்தான். அம்ஹரை இரத்தினபுரிக்கு, கிளினிக்குக் கூட்டிப் போனோம். மகனுக்கு நாலு வயதாகியும் சரியாகக் கதைக்கவில்லை என்று ஸபியாவுக்கு ஒரே யோசனை. டொக்டர் நோனா சிங்களப் பெண், தமிழ் வராது. ஸபியா அக்கரைப்பற்றுக்காரி, அவளுக்குச் சிங்களம் வராது. ஆகவே நான்தான் நடுவில். எங்கள் கஹவத்தையில் போலீசுக்கோ பேங்குக்கோ போகிற தேயிலைத் தோட்டத்து ஆட்களே என்னைத்தானே கூட்டிப் போகிறார்கள்.

பஸ்ஸில் வாந்தி எடுத்த களைப்பில் அம்ஹர் அவள் தோளிலேயே தூங்கிவிட்டான். ஸபியா நிறையச் சொன்னாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாள். விளையாட்டில் இருந்தால் காதில் விழாது என்று நான் சிங்களத்தில் சொன்னேன். முகத்தைப் பார்ப்பதில்லை என்றாள். கொஞ்சம் வெட்கம் என்றேன். கதைப்பானா என்று டொக்டர் கேட்டார். பாங்கை முதலிலிருந்து கடைசி வரை சொல்வான் என்றேன். அது உண்மை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்பதை அப்படியே சொல்வான். சில பிள்ளைகள் தாமதம், ஆறு மாதம் பார்ப்போம் என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

வரும்போது ஸபியா கேட்டாள்: “நான் அவ்வளவு சொன்னேன். ஒங்கட சிங்களத்துல ஏன் இவ்வளவு சின்னதா முடிஞ்சிது?”

சிங்களம் சுருக்கமான பாஷை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

கடை மூடிவிட்டு வந்தால் அம்ஹர் எங்கே இருந்தாலும் வாசலுக்கு ஓடி வருகிறான். வாப்பாவைத் தேடாத பிள்ளையா இது?

8 ஜூலை, செவ்வாய்

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற கலைச்செல்வி துணி எடுக்க வந்தாள். ஸபியாவும் அம்ஹரும் கடையில் இருந்தார்கள். “முதலாளி, கோவிச்சுக்காதீங்க. எங்க மடுவத்துப் புள்ள ஒண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பேச்சு சொல்லிக் குடுக்க இப்ப தமிழ் மிஸ் ஒருத்தங்க வந்திருக்காங்க. தம்பியையும் ஒருக்கா காட்டுங்களேன்” என்றாள்.

கோபம் வந்தது. விலையில் குறைத்துக் கொடுக்க நினைத்திருந்தேன், குறைக்கவில்லை. ஆனால் ஸபியா அவளை வாசல் வரை கூட்டிப் போய் மிஸ்ஸின் பேரைக் கேட்டுக்கொண்டாள்.

15 ஜூலை, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பேச்சு சொல்லிக் கொடுக்கிற மிஸ்ஸிடம் அம்ஹரைக் காட்டினோம்.

கஜானி மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இளம் வயது. கேள்வி கேட்டதும் பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். “அண்ணா, நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ. அம்மா சொல்லட்டும்” என்றார்.

எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. கேட்டுக்கொண்டிருந்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஸபியா இவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை.

தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கமாட்டானாம். அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கோப்பையின் மேல் வைப்பானாம். கரண்ட் போனால் தன் கையைத் தானே கடிப்பானாம். அவளுடைய உம்மா மௌத்தான செய்தி வந்து அவள் தரையில் கிடந்து அழுத அன்று, அவளை ஒரு வாசற்படி மாதிரித் தாண்டிப் போய் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

“பாங்கு சொல்றான் மிஸ். ஆனா பசிக்கிது என்டு ஒருநாளும் சொன்னதில்ல.”

“வாப்பாவோட எப்பிடி?”

ஸபியா கொஞ்சம் தயங்கினாள். “அவர் வந்தா வாசலுக்கு ஓடுவான். அவரப் பாக்க இல்ல மிஸ். அவர் கழட்டிப் போடுற செருப்ப நேரா வைக்க. வெச்சிட்டுத் திரும்பிருவான். அவர் சந்தோசப்படுவார், அதால நான் சொல்லல்ல.”

மிஸ் எழுதிக்கொண்டே கேட்டார்:

“போன மாசம் டொக்டரிட்ட இதெல்லாம் சொல்லேல்லையோ அம்மா?”

“எல்லாம் சொன்னேன் மிஸ்.”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கஜானி மிஸ் என்னிடம் ஒரு குற்றமும் சொல்லவில்லை. ஓட்டிசமா என்று டொக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், அவரிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்லுங்கோ, அதற்குப் பிறகு கிரமமாகப் பயிற்சி தொடங்கலாம், எவ்வளவு வேளைக்கோ அவ்வளவு நல்லது என்றார்.

16 ஜூலை, புதன்

செருப்புக்கா? இத்தனை நாளும் செருப்புக்கா ஓடி வந்தான்?

நான் பொய் சொல்லல்ல. சத்தியமா இல்ல. சாயம் போற துணிக்கு ‘முதல் தண்ணியில கொஞ்சம் விடும்’ என்டு சொல்ற இல்லையா, அப்படித்தான் சொன்னேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது யாரு? ஆறு மாசம் வீணாப் போயிருந்தா — யார் பொறுப்பு?

நேற்று செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்விட்டேன். அவன் என் காலடியில் உட்கார்ந்து கத்தினான்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

அதே டொக்டர் நோனா. ஸபியா ஒரு வசனம் சொல்வாள், நிறுத்துவாள். நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்ப்பாள். அவள் வசனம் நீளமாக இருந்து என்னுடையது குட்டையாக இருந்தால் நகரமாட்டாள். பாஷை தெரியாதவளை ஏமாற்றலாம் என்று யார் சொன்னது?

செருப்பு விஷயம் வந்தது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். ஸபியா பொறுமையாக இருந்தாள். பிறகு சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல்.

முதல் தடவை இதை அம்மா ஏன் சொல்லவில்லை என்று டொக்டர் கேட்டார். அம்மா சொன்னார், நான்தான் உங்களிடம் சொல்லவில்லை என்றேன். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அம்ஹரோடு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது ஓட்டிசம் என்று சொன்னார். அந்தச் சொல்லை ஸபியாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

பயிற்சி தொடங்கிவிட்டது. சோறு தின்னும்போது ஸபியா சிங்களம் கேட்கிறாள். “கையக் கடிக்கிறான்” எப்படி, “நேத்து கடிக்கல்ல” எப்படி. சொல்லிக் கொடுக்கிறேன். முணுமுணுத்துப் பாடமாக்குகிறாள்.

23 செப்டம்பர், செவ்வாய்

இன்று டொக்டரிடமும் காட்டவேண்டிய நாள். சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். “நீங்க கடையப் பாருங்க. நீங்க வந்தா நான் ஒங்கட வாயையே பாத்துக்கிட்டு இருப்பேன்” என்று சொல்லிவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு ஸபியாவே பஸ் ஏறினாள். பகல் முழுக்க எனக்கு வியாபாரம் ஓடவில்லை. ஒரு சாரியை இரண்டு தடவை மடித்தேன்.

அவர்கள் வந்ததும் டொக்டர் என்ன கேட்டார் என்றேன்.

“வாப்பாவும் மகனும் இப்ப எப்பிடி என்டு கேட்டாங்க.”

நீ என்ன சொன்னாய் என்றேன். ஸபியா நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கே சொன்னதை அப்படியே சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: வாப்பா மகனைப் பார்க்கிறார், மகன் இன்னும் வாப்பாவைப் பார்க்கவில்லை.

அந்தச் சிங்களத்தில் ஒரு சொல் பிழை. நான் திருத்தவில்லை.