முகவரி இல்லாத லட்சம் பேர்

மார்ச் 6, வெள்ளி

இன்று 412 பேரைக் கழித்தேன்.

என் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான். எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. வியாழன் மதியம் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் விளம்பர மெயில் போகும். போய்ச் சேராதவை மறுநாள் காலைக்குள் என்னிடம் திரும்பி வந்து குவிந்திருக்கும். அவற்றில் இரண்டு ரகம். 'பெட்டி நிரம்பிவிட்டது, பிறகு வா' என்பது ஒன்று. அதற்கு மூன்று வாரம் பொறுத்துப் பார்ப்பேன். 'அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை' என்பது இன்னொன்று. அதற்கு மூன்று நிமிடம்கூடக் கிடையாது. பட்டியலிலிருந்து எடுத்து, 'போனவர்கள்' என்று நான் பெயர் வைத்திருக்கும் கோப்பில் போட்டுவிடுவேன்.

இல்லாத ஆளின் கதவை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால் தெருவே நம்மைச் சந்தேகமாகப் பார்க்காதா? மெயில் உலகத்திலும் அப்படித்தான். பெயர் கெட்டுவிட்டால் நாம் அனுப்பும் நல்ல மெயிலும் குப்பைக்குப் போகும். 'உங்கள் கண்ணாடி தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற மெயிலும் அதே முகவரியிலிருந்துதான் போகிறது.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஆக, இல்லாத ஆளுங்கள தேடிப் புடிச்சு, இல்லன்னு சொல்றதுக்கு உனக்கு சம்பளம்" என்றார்.

"நீங்க மட்டும் என்ன? மேல போன பெட்டிய கீழ கொண்டு வர்றீங்க" என்றேன்.

இன்னொன்று. அந்த 412-இல் இருபது சொச்சம் ஒரே சாயலில் இருந்தன. கண்ணாடி2207, கண்ணாடி2208, கண்ணாடி2209... கவுண்டரில் யாரோ விளையாடுகிறார்கள். கையில் அகப்படட்டும், வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மேனேஜரும் இருந்தார். மேனேஜர் முதலாளிக்கு மச்சான். அதனால் அந்த அறையில் அவருக்கு மட்டும் கை வைத்த நாற்காலி.

இருபதாம் தேதி லென்ஸ் கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம். நம் கடையில் பங்கு சேருகிறார்களாம். நம் பட்டியலில் ஒரு லட்சம் பேர் என்று முதலாளி அவர்களிடம் சொல்ல வேண்டுமாம். இன்றைய நிலவரம் 91,300.

"நீங்க என்னடான்னா வாராவாரம் வெட்டிட்டே இருக்கீங்க" என்றார் மேனேஜர்.

முதலாளி வருத்தமாகவே கேட்டார். "ஒருத்தர சேர்க்க எவ்வளவு பாடும்மா. போகட்டும்னு விட உனக்கு எப்படி மனசு வருது?"

"அவங்க போகல சார். வரவே இல்ல."

உத்தரவு இதுதான்: இருபதாம் தேதி வரை ஒருவரையும் கழிக்கக் கூடாது. 'போனவர்கள்' கோப்பில் கிடக்கும் பதினாலாயிரம் பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

"முடியாது சார்" என்றேன்.

"முடியாதா, தெரியாதா?" என்றார் மேனேஜர்.

"நல்லாத் தெரியும். முடியாது."

பதினோரு வருடத்தில் அந்த அறையில் நான் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தன்னைத்தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்பார்கள். இன்று ஒரு நாள் மெச்சிக்கொள்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

வெளியே வந்ததும் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை நேற்று எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். பத்து நிமிடம் சாத்திக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

388. கழிக்கக் கூடாது என்றார்கள். கழித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

என்ன நாள் இது. எங்கிருந்து எழுத?

கண்ணாடி2207 யார் வேலை என்று பார்த்துவிடலாம் என்று, ஆபீசுக்குக் கீழே இருக்கும் எங்கள் பெரிய கடைக்குப் போனேன். பில் எண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாம் அந்தக் கவுண்டரிலிருந்துதான் வருகின்றன. அங்கே மூன்று பெண்கள் மாறி மாறி நிற்கிறார்கள். இன்று நின்றவளை எல்லோரும் புயல் என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு வேகம். ஃப்ரேம் அடுக்கும் தட்டுக்குப் பின்னால் நின்று, கண்ணாடி வாங்க வந்தவள் போல வேடிக்கை பார்த்தேன்.

ஒருவர் பில் போட வந்தார். புயல் மெயில் முகவரி கேட்டாள். "அதெல்லாம் எதுக்கும்மா? பில்ல குடு, நான் கெளம்பறேன்" என்றார். முகவரி போடாமல் பில் மெஷின் நகராது. சிவப்புக் கோடு காட்டிக்கொண்டு நிற்கும். அவள் கீபோர்டைத் தூக்கி அடியில் எதையோ பார்த்தாள், தட்டினாள், பில் வந்தது.

அவர் வாசலைத் தாண்டியதும் பாய்ந்தேன். "என்ன அடிச்ச இப்போ?"

"மெயில் போடாம பில் வராதே அக்கா. ஒரே ஐடிய ரெண்டாவது தடவை வாங்காது. அதான் பின்னாடி நம்பர் போடறோம்."

"யாரோட மூளை இது? எவ உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

அவள் என்னையே பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்க்கிற பார்வை.

"அக்கா, நெஜமாவே ஞாபகம் இல்லையா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

கீபோர்டைத் திருப்பிக் காட்டினாள். டேப் போட்டு ஒட்டிய துண்டுச் சீட்டு. கடைசியாகப் போட்ட எண் மறந்துவிடக் கூடாது என்று அடித்து அடித்து எழுதியிருந்தார்கள். சீட்டின் மேல் வரி: கண்ணாடி1 முதல் கண்ணாடி19 வரை. நடுவில் குறுக்குக் கோடு போட்ட 7. அப்படி ஏழு எழுதுகிறவள் இந்தக் கடையில் நான் ஒருத்திதான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி தள்ளுபடி வாரத்துல ஆள் பத்தலன்னு நீங்க வந்து நின்னீங்களே. வாசல் வரைக்கும் வரிசை. 'வேணாங்கறவங்கள கழுத்தப் புடிச்சா கேக்க முடியும்? இத அடிச்சு அனுப்பும்மா'ன்னு சொன்னீங்க. நாங்க மூணு பேரும் அன்னையிலேர்ந்து அதத்தான் அடிக்கிறோம்."

ஆமாம். முகவரி இல்லாமல் பில் கிடையாது என்று மேனேஜர் மெஷினைக் கட்டிப்போட்டதும் அதே வாரம்தான்.

வாளியில் ஓட்டை போட்டவளே இரண்டு வருடமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இதை மறந்தேனா, வசதியாக மறைத்துக்கொண்டேனா? சத்தியமாகத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் எவ்வளவு அதட்டலாகக் கேட்டேன்!

மார்ச் 18, புதன்

நாளை பல் டாக்டரிடம் போகிறேன். விடுப்பு சொல்லியாயிற்று.

மார்ச் 20, வெள்ளி

காலையில் பெட்டியைத் திறந்தேன். திரும்பி வந்தவை 13,900.

நேற்று நான் வாயைத் திறந்துகொண்டு பல் டாக்டரின் நாற்காலியில் கிடந்தபோது, மேனேஜர் தன் கம்ப்யூட்டரிலிருந்து 'போனவர்கள்' அத்தனை பேரையும் எழுப்பிப் பட்டியலில் சேர்த்து, எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறார். பட்டியல் இப்போது ஒரு லட்சத்து ஐயாயிரம்! அடப்பாவி மனுஷா.

பதினொன்றரைக்கு எங்கள் மெயிலை அனுப்பித் தரும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கணக்கை முடக்கிவிட்டார்கள். விளம்பரம் மட்டும் இல்லை, எதுவுமே போகாது. பட்டியலைச் சுத்தம் செய்து காட்டினால் திரும்பத் திறப்பார்களாம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லென்ஸ் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கையை விரித்து "ஒரு லட்சம்" என்பது இங்கே கேட்டது. வந்தவர்கள் முன்னால் உள்ளே போய்ச் சொல்லவில்லை. மரியாதைக்காகத்தான். பயமும்தான்.

மார்ச் 23, திங்கள்

ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். பழைய கண்ணாடியின் காலை மருந்துக்கடை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார். அதிலும் ஒரு லென்ஸ் விரிசல். புதுக் கண்ணாடி வெள்ளிக்கிழமையே தயாராகி அலமாரியில் இருக்கிறது. மெயில் வரும் என்று சொல்லியிருந்தோம். வரவில்லை.

"பரீட்சைப் பேப்பர் எல்லாம் நாளைக்குத் திருத்திக் குடுக்கணும். மூணு நாளா மூக்குல ஒட்டிக்கிட்டுப் படிக்கிறேன். ஒரு பையனுக்கு மார்க்கத் தப்பாக் கூட்டிட்டேன், அவன் அழுதுட்டான்" என்றார். திட்டு முழுவதையும் புயல் வாங்கிக்கொண்டாள். மேனேஜர் அந்தப் பக்கமே வரவில்லை.

அலமாரியில் இதுபோல 61 பெட்டிகள் இருந்தன. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து 61 பேருக்கும் போன் செய்தேன். தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

முதலாளி அறை. மேனேஜர் ஆரம்பித்தார்.

"கவுண்டர் பொண்ணுங்க பொய் ஐடி போட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம். யார் யார்னு பில் நம்பரோட இவங்ககிட்ட இருக்கு. பேர் குடுத்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"குடும்மா" என்றார் முதலாளி.

"ஒரு பேர்தான் சார் இருக்கு."

"யாரு?"

"நான்."

காலையிலேயே கீபோர்டிலிருந்து உரித்து எடுத்துவந்த சீட்டை மேசை மேல் வைத்தேன். குறுக்குக் கோடு போட்ட ஏழைக் காட்டினேன். தள்ளுபடி வாரத்தைச் சொன்னேன். குரல் உடையாமல் சொன்னேன்.

"ஆரம்பிச்சு வச்சது நான். தப்புதான். ஆனா வேணாம்னு ஒரு மனுஷன் சொன்னா, அத எழுத அந்த மெஷின்ல இடமே இல்ல சார். வேணாங்கறத எழுத இடம் இல்லன்னா, கவுண்டர்ல கடவுளே நின்னாலும் பொய்தான் அடிப்பார்."

"அப்போ அந்தப் பொண்ணுங்க?"

"அவங்க எனக்கு அப்புறம். மொதல்ல என்னை அனுப்புங்க, அப்புறமா அவங்களப் பாருங்க. இன்னொண்ணு சார். கணக்கு முடங்கினது அவங்க போட்டதால இல்ல. அதையெல்லாம் நான் வாராவாரம் எடுத்துட்டேன். எடுத்தத யார் திரும்ப உள்ள போட்டாங்கன்னு கேளுங்க."

முதலாளி மச்சான் பக்கம் திரும்பினார். "நீயா போட்ட?"

"நீங்கதானே மாமா லட்சம் கேட்டீங்க."

முதலாளி சீட்டை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வேலை போயிட்டா?" என்றார்.

"போகட்டும்."

"சரி. அழணும்னா அழுதுக்கோ. நான் டிவி சத்தத்த ஏத்தி வைக்கிறேன்."

அழுதேன். வேலை போகட்டும் என்று சொன்னேனே, போகட்டும் என்று இல்லை எனக்கு. அந்த மேசை எனக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமைகள் பிடிக்கும். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருத்தியின் பெயரையும் தர மாட்டேன். அது மட்டும் நடக்காது.

மார்ச் 25, புதன்

தீர்ப்பு வந்தது. மூன்று பெண்களும் இருக்கலாம். மேனேஜரும் இருப்பார் (மச்சானை எங்கே அனுப்புவது?). பட்டியல் இனி அவர் பொறுப்பு. நான் இந்த மாதத்துக்குள் சுத்தம் செய்து ஒப்படைத்துவிட்டு, ஏப்ரலில் கவுண்டருக்குப் போக வேண்டும்.

"தண்டனைன்னு நெனைக்காதம்மா" என்றார் முதலாளி. வேறு எப்படி நினைப்பது என்று அவரும் சொல்லவில்லை.

"சரி சார். ஆனா அந்தக் கட்டாயத்த மெஷின்லேர்ந்து எடுங்க."

"யோசிக்கலாம்."

"யோசிக்காதீங்க சார், எடுங்க. அத எடுத்தாதான் இதச் சுத்தம் பண்ணுவேன். இல்லன்னா லட்சத்தையும் நீங்களே வச்சுக்கோங்க, ஒரு மெயிலும் போகாது."

திமிர் என்றார் மேனேஜர். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 31, செவ்வாய்

ஏப்ரல் முதல் அந்தக் கட்டாயம் இருக்காது என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். முடித்தேன். ஒரு வருடமாக ஒரு மெயிலைக்கூடத் திறக்காதவர்களையும் எடுத்துவிட்டேன். மிச்சம் 48,200. கணக்கைத் திறந்துவிட்டார்கள். 'உங்கள் கண்ணாடி தயார்' மெயில் ஒன்றை எனக்கே அனுப்பிப் பார்த்தேன். குப்பைக்குப் போகாமல் நேராக வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, மெயில்கள் திரும்பி வரும் பெட்டியின் பாஸ்வேர்டோடு மேனேஜரிடம் கொடுத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான். ஆனால் வாராவாரம் செய்ய வேண்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

கவுண்டரில் முதல் நாள். கால் வீங்கிவிட்டது. உட்கார நாற்காலி இல்லை. அதையும் ஒரு நாள் கேட்கத்தான் போகிறேன்.

காலையில் முதல் ஆளாக ஒருவர் வாசிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். பெயர் சொன்னார், போன் நம்பர் சொன்னார். மெயில் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா."

முகவரிக்கான இடத்தை வெறுமையாக விட்டு, பில் பட்டனை அழுத்தினேன். புயல் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளோரம் நின்றாள். ஷிஃப்ட் மாற வந்திருந்த மற்ற இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

"அக்கா, வந்துருச்சு!" என்று கத்தினாள் புயல்.

அந்த மனிதர் எங்கள் நான்கு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"பில்லுதானேம்மா? வராம எங்க போகும்?"