நீ சேவ் பண்ணாமல் போன கடிதம்

என் தோஸ்து, என் தங்கச்சி வீட்டுக்காரன், வாயாடி தயாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுத வந்து கை நின்றுவிட்டது. செத்தவனிடம் என்னடா கேட்பது? ஆனாலும் உன்னிடம் சொன்னால்தான் எனக்கு எதுவும் நடந்த மாதிரி இருக்கும். எட்டு மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறேன், மச்சான். உனக்குத் தெரியாமல் ஒரு பாவம் செய்துவிட்டேன்.

டோல்கேட்டில் நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வருகிறவர்கள் பாடுவது இன்னமும் அதே பாட்டுதான். "இன்னா சார், ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாகூட எழுந்துக்க மாட்டேங்குது!" இதற்கு உன்னிடம் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று, மெமரி கூடட்டும் என்று இன்னொரு ரேம் போடுவது. இன்னொன்று, மெஷினை அணைக்காமல் தூங்கவைப்பது. மெமரியில் திறந்து கிடப்பதையெல்லாம் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அது படுத்துக்கொள்ளும். மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலேயே எழுந்துகொள்ளும். "படுத்த பாய்லயே எழுந்துக்கும் பாரு" என்று கஸ்டமர் முன்னால் தட்டிக் காட்டுவாயே, என்ன ஒரு திமிர்!

அந்தத் திமிரில்தான் நீ எதையுமே சேவ் பண்ணமாட்டாய். சொன்னால், "இன்னாத்துக்கு? அதான் அது ஞாபகம் வெச்சிக்குதே" என்பாய். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு உன் காதைத் திருகியாவது சேவ் பண்ணவைத்திருக்கக் கூடாதா?

மலர் உன்னிடம் கோபித்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. கடையை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போ என்று அவள் சொன்னாள். நீ என்ன சொன்னாயோ, இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை. அன்று காலையில் உன் மெஷினில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாய். "இன்னாடா அது?" என்றேன். "உன் தங்கச்சிக்கு லட்டர் அடிச்சிகினு கீறேன். சாய்ந்தரம் பிரிண்ட் எடுத்துனு போயி குடுக்கணும்." எட்டிப் பார்த்தேன். "யோவ், புருஷன் பொண்டாட்டி மேட்டரு, உனுக்கு இன்னாத்துக்கு?" என்று மெஷினைத் தூங்கவைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குக் கிளம்பினாய். சிரித்துக்கொண்டே சொன்னாயா, கடுப்பில் சொன்னாயா? எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

வழியில் அந்தக் கன்டெய்னர் லாரி. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் காரியம் முடிந்து கடையைத் திறந்த முதல் நாள், விம்கோ நகர் ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினோடு வந்து நின்றார். ரேம் போயிருந்தது. கடையில் வேறு இல்லை. நம் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டி அந்த நேரத்தைத் தள்ளுவது. கை தானாக உன் மெஷினைத் திறந்தது, ரேமைக் கழற்றியது, அவருக்கு மாட்டியது. "என் மெஷின்ல மட்டும் கை வெக்காத" என்று நீ கத்துவது காதில் விழவே இல்லை. நீதான் இல்லையே.

மறுநாள் மலர் வந்தாள். "அவரு அன்னிக்கு போன் பண்ணாருண்ணா. லட்டர் அடிக்கிறேன், சாய்ந்தரம் கொண்டாரேன்னாரு. அத்த எடுத்துக் குடு" என்றாள். அவளைக் காக்கவைக்கக் கூடாது, சீக்கிரம் எழுந்துகொள்ளட்டும் என்று புதிதாக வந்திருந்த பெரிய ரேமை மாட்டி ஆன் செய்தேன். படித்த முட்டாள் நான். தூங்கும்போது எந்த மெமரி இருந்ததோ எழும்போதும் அதேதான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

கறுப்புத் திரையில் கேட்டது. பழையபடி எழுப்ப முடியவில்லை, வைத்திருந்ததை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று. ரேம் மாற்றி மாற்றிப் போட்டு ஆயிரம் தடவை பார்த்த வரிதான். கண் படித்து முடிப்பதற்குள் விரல் என்டரைத் தட்டிவிட்டது.

படு வேகமாக எழுந்தது, மச்சான். உன் மெஷின் அவ்வளவு சீக்கிரம் எழுந்து நான் பார்த்ததே இல்லை. திரையில் ஒன்றுமே இல்லை.

மலருக்குப் புரியவில்லை. "எங்கண்ணா?" என்றாள். "ரிப்பேரும்மா, சரி பண்ணித் தரேன்" என்றேன். அன்று தொடங்கிய பொய். ஜெராக்ஸ் கடைக்குப் போய் உன் ரேமைத் திரும்ப வாங்கி வந்து மாட்டினேன், அப்போதும் வரவில்லை. ரிச்சி தெருவில், அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களிடம் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். "எழுதின எடத்துலயே புதுசு எழுதிடுச்சு, வராதுபா" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவள் இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வந்து உன் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். "வூட்டுக்கு வான்னு எழுதுனாரா, அங்கியே கெடன்னு எழுதுனாரா? அத்த மட்டும் தெரிஞ்சா போதும்ண்ணா" என்கிறாள். எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கிறது.

போன வாரம் கேவலமான ஒரு வேலை செய்தேன். நானே அந்தக் கடிதத்தை அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உன் பேச்சு எனக்குத் தெரியாதா? வா என்று எழுதிக் கொடுத்தால் அவள் கொஞ்சம் தூங்குவாள். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். தனியாக இருக்கும்போது அவளை நீ என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாய்? அண்ணன்காரனுக்கு அது எப்படித் தெரியும்? விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. மூடிவிட்டேன்.

நாளைக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் கொருக்குப்பேட்டைக்குப் போகிறேன். "மெஷின் மேல தப்பில்ல மலரு, நான்தான் அழிச்சேன்" என்று சொல்லிவிடுவேன். அடிக்கட்டும், முகத்தில் முழிக்காதே என்று சொல்லட்டும். நீ சொல்லாத ஒரு வார்த்தையைக்கூட உன் பெயரில் அவளுக்குச் சொல்லமாட்டேன். இது உன் மேல் சத்தியம். அப்போதும் அவள் அதையேதான் கேட்பாள், வான்னு எழுதுனாரா என்று. தெரியாதும்மா என்றுதான் சொல்வேன். இனி அவள் சாகிறவரைக்கும் அதற்கு வேறு பதில் இல்லை.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
வேலு