கூந்தலை முடியாமல் பாடியவள்

இந்தக் கோணல்மாணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். வலை இழுத்துக் காய்த்த விரலுக்கு எழுத்தாணி அடங்கவில்லை. சில இடங்களில் ஓலையே கிழிந்துவிட்டது. ஆனாலும் கரி தடவியதும் எழுத்துகள் கறுப்பாக எழுந்து நிற்கும்போது எனக்குச் சிரிப்பு பொங்கி வருகிறது. கடைத்தெரு மரைக்காயர்தான் கற்றுக்கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரன் கேலி பேசுகிறான்: "சாவப்போற வயசுல எழுத்து இன்னாத்துக்கு நைனா? எமனுக்கு ஓலை அனுப்பப் போறியா?" எமனுக்கு இல்லை, அவன் கூட்டிப்போன என் பெண்டாட்டிக்கு என்றேன்.

இன்று காலை கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. கப்பல் பலகைக்குப் பூசும் கீல் வாசனை, அதற்கு அடியில் அடைத்துவைத்த மனிதர்களின் நாற்றம். தூரத்தில் மறுபடியும் ஒரு கப்பல் நிற்கிறது. கஞ்சியை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மழை இல்லாமல் போன அந்த வருடமும் இதே நாற்றம்தான். உள்நாட்டு நெல் வயல்காரர்கள் பிள்ளைகளோடு நடந்து வந்தார்கள். கஞ்சியைக் காட்டி, ஒல்லாந்து வெள்ளைக்காரரின் தரகன் அவர்களை அடிமைகளாக வாங்கினான். ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னால் கொட்டகையில் அடைத்தான். கப்பலுக்கு அவர்களை ஏற்றிப்போனவை நம் ஊர்த் தோணிகள். கூலியாகச் சாராயம் வந்தது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் தரகன் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

சாவு வீட்டில் ஒப்பாரி பாடுவது உன் தொழில். அதை நீ தொழிலாக மட்டும் நினைத்ததில்லை. அன்று கரையில் கூந்தலை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாய். தோணி ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "உன் பேரு இன்னாம்மா? எந்த ஊரு?" என்று கேட்டாய். பெயர் சொல்லி அழுதாய்.

ஊரே உன்மேல் பாய்ந்தது. "உசுரோட கீறவங்களுக்கு ஒப்பாரியா? கடல்ல மீன் படுமா இனி?" என்றார்கள். சாராயம் குடித்த வாய்கள்தான் சாபத்தைப் பற்றிப் பேசின. ஊர்த் தலைவரான நாட்டார் எல்லோர் முன்னும் சொன்னார்: "இனி கரையில பாடினா எந்தச் சாவுக்கும் உன்னக் கூப்பிட மாட்டோம்."

"கூப்பிடாதீங்க நாட்டாரே. அழ ஆளில்லாதவங்களுக்கு அழுவுறதும் என் வேலதான்."

அதன்பின் யாரும் நம் வாசலுக்கு வரவில்லை. அடுத்த கப்பலுக்கும் நீ கரைக்குப் போனாய்.

பிறகு நாட்டாரின் அம்மா இறந்தாள். வேறு பெண்கள் பாடிப் பார்த்தார்கள், ஒருவர் கண்ணும் நனையவில்லை. கடைசியில் நாட்டாரே நம் வாசலில் வந்து நின்றார். நான் போகாதே என்றேன். "கெழவி இன்னா பண்ணா? தள்ளுய்யா," என்று நீ கிளம்பிவிட்டாய்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒப்பாரிக்காரி கூந்தலை முடிகிறவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, பாடையைத் தூக்கக் கூடாது. கிழவியைப் பாடினாய், ஊரே விம்மியது. விம்மல் அடங்குமுன் குரலை மாற்றினாய். "கடலோரம் நிக்குதம்மா நீ பெறாத பொண்ணு, பொன்னின்னு பேரு, அது கையப் புடிச்சுக் கூட்டிப் போ." அடுத்து இன்னொரு பெயர். அதற்கடுத்து இன்னொன்று. கரையில் கேட்ட எல்லாப் பெயர்களும் அவரவர் ஊர்ப் பெயரோடு வந்தன. வெயில் ஏறியது. தோணிக்காரர்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். நாட்டார் உன் கூந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ முடியவே இல்லை. கடைசிப் பெயர் வந்த பிறகுதான் மெதுவாகக் கொண்டை போட்டாய்.

அதன் பிறகும் கப்பல்கள் வந்தன. இதோ, இன்றும் நிற்கிறது. அன்று உன்னைத் திட்டிய அதே வாய்கள் இப்போது உன்னைப் புண்ணியவதி என்கின்றன. சொல்லிவிட்டு அதே கூலிக்குத் தோணி தள்ளப் போகின்றன. காறித் துப்பத் தோன்றுகிறது எனக்கு.

எனக்குப் பாட வராது, உனக்கே தெரியும். அதனால்தான் எழுத்து கற்றேன். இன்று மத்தியானம் கரைக்குப் போய், ஏறப் போகிறவர்களிடம் நீ கேட்டதைக் கேட்பேன். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். வரும் வாரம் கை வலி தணிந்ததும் அந்தப் பெயர்களை உனக்கு எழுதுகிறேன். நீ அங்கே கூந்தலை அவிழ்த்து வை.