மகள் அனுப்பும் புத்தகப் பெட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு.

வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்யும் மகள் காலையில் எனக்குப் போன் எடுத்தாள். புத்தகங்களையெல்லாம் கப்பலில் வீட்டுக்கு அனுப்புகிறாளாம்.

“ஏன் பிள்ளை, ஒப்பந்தம் முடியுதோ?”

“மாசி வரைக்கும் இருக்கப்பா. பிறகு நிரந்தரமாக்கிறதோ எண்டு கமிட்டி சொல்லும். இஞ்சை அறையிலை இடமில்லை, அவ்வளவுதான்.”

இடமில்லையாம். பத்தாம் வகுப்போடு நின்ற நான் எல்லாம் விளங்கியவன் போல “ஓம், ஓம்” என்றேன். போன கிழமைதான் மருதனார்மடம் சந்தையில், யாரும் கேட்காமலே, அவளுக்கு நிரந்தர வேலை என்று அளந்துவிட்டு வந்தேன்.

மனைவிக்கு ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் அவளாகவே வந்தாள்.

“பிள்ளையின்ரை அறை ஃபானை ஒருக்காத் திருத்துங்கோ.”

“இப்ப என்னத்துக்கு?”

“சும்மாதான்.” என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருத்திவிட்டேன். நன்றாகச் சுற்றுகிறது. மகள் வீட்டுக்கு வந்தால் சந்தோஷம்தான். இப்படி வர வேண்டாம்.