கடைசித் துண்டு

மார்ச் 4
தங்கை செத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. போன் ரிப்பேர்க்காரர் இன்று கூப்பிட்டார். பஸ் விபத்தில் நசுங்கிய அவள் போனில் ஒரு குரல் பதிவு இருந்ததாம். எனக்காகப் பேசி, அனுப்பாமலே விட்டது. "முழுசா வரலைங்க, துண்டு துண்டாத்தான் எடுக்க முடிஞ்சது."

அம்மா வாசலிலேயே மறித்தாள். "என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காளா?" விபத்து நடந்த அன்று காலை அவர்கள் இருவருக்கும் சண்டை. "எங்கேயாவது போய்த் தொலை" என்று சொல்லித்தான் அம்மா அவளை அனுப்பினாள். அதற்குப் பிறகு அம்மா ஒரு வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 5
புரோகிராமில் சொற்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் ஒட்டிக்கொள்ளும். பைட் அரே, அதாவது ஒலியை எண்களாக (பைட்களாக) அடுக்கி வைத்திருக்கும் வரிசை, அப்படி ஒட்டாது. ஒட்டுவதற்கென்றே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது ஒவ்வொரு துண்டையும் அதே சின்ன அரேயில் வாங்கி, பெரிய அரேயின் வாலில் சேர்க்கும். இதற்காகவா இந்த வேலையைக் கற்றேன்?

மார்ச் 6
ஒட்டிவிட்டது. அம்மாவும் நானும் கேட்டோம். பஸ் இரைச்சல், ஹாரன், அவள் குரல். முடிவில்: "அம்மா மேல கோவம் இல்லாம இல்ல. வெக்கறேன்க்கா... கோவம் இல்ல."

அம்மா ஓவென்று அழுதாள். "மனசு மாறிட்டா பாருடி எம்பொண்ணு!" அப்புறம் தானே தட்டு எடுத்து வைத்துச் சாப்பிட்டாள்.

மார்ச் 9
ஐயோ.

கடைசித் துண்டு சின்னது. அரேயை நிரப்பவில்லை. எத்தனை பைட் வந்தது என்று பார்க்காமல் முழு அரேயையும் ஒட்டித் தொலைத்திருக்கிறேன். மீதி இடத்தில் முந்தைய துண்டின் வால் அப்படியே கிடந்திருக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் இப்படிச் செய்தால் கத்துவேனே!

திருத்தி ஓட்டினேன். "கோவம் இல்லாம இல்ல. வெக்கறேன்க்கா." அவ்வளவுதான். "இல்லாம" என்ற சொல்லின் நடுவில் முந்தைய துண்டு வெட்டுப்பட்டு, அதன் வாலில் இருந்த "கோவம் இல்ல" மட்டும் முடிவில் மறுபடி வந்திருக்கிறது. அவள் மனசு மாறவேயில்லை. மாறியது என் புரோகிராம். இதை எந்த வாயால் சொல்வேன்?

மார்ச் 10
சொல்லவில்லை.

மார்ச் 14
அம்மா மறுபடி தட்டைத் தொடுவதில்லை. கேட்டால் "பசிக்கல" என்கிறாள். பதிவை மட்டும் விடாமல் கேட்கிறாள்.

மார்ச் 17
தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். "அந்தக் கடைசி ரெண்டு வார்த்தை அவ சொன்னதில்லம்மா. நான் ஒட்டினதுல வந்த தப்பு."

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "தெரியும்டி. பின்னாடி அதே ஹாரன் ரெண்டாந்தரம் கேக்குதே."

திருத்தியதை ஏற்றித் தரட்டுமா என்றேன்.

"வேணாம், இதுவே இருக்கட்டும்" என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடி போட்டாள்.