நீ அனுப்பிய கேமராவில் பழுது இல்லை

ஆம்பூர்,
10.7.2008, வியாழன்

பிரியமுள்ள மகன் நெல்வினுக்கு அப்பா எழுதுவது. தோஹா வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் கர்த்தர் காக்க வேண்டும் என்று இங்கே தினமும் வேண்டிக்கொள்கிறோம். நானும் அம்மாவும் மருமகள் பெர்சிஸும் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம், அவ்வளவுதான். எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான், எழுத முடியவில்லை, ஏனென்றால் இந்தக் கடிதம் உன் மகள் ஹெப்சியைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை நான் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ கத்திவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை, பெர்சிஸ் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கடைசியாக நீ சொன்னது, அது அந்தக் கேமராவோட கோளாறுப்பா, அதப் பாத்துட்டு கொழந்தைக்கு ஆபரேஷன்றீங்களே, உங்களுக்கு இன்னா பைத்தியமா என்று. அப்பனைப் பைத்தியம் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். ஆனால் நீ காது கொடுத்துக் கேட்காததால் எழுத வேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டு நயீம் அகமது மகன் தானிஷ் லீவு முடிந்து சனிக்கிழமை விமானம் ஏறுகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் போனிலிருந்து கழற்றிய மெமரி கார்டையும் கொடுத்து அனுப்புகிறேன். உன்னிடமும் இதே போன்தானே இருக்கிறது, கார்டை அதில் போட்டு, நான் எழுதுகிற வரிசையில் ஒவ்வொரு படமாகப் பார். பார்த்து முடிக்கிறவரை கோபப்படாதே.

தானிஷ் வரும்போது நீ கொடுத்தனுப்பிய இந்தப் புதுப் போனை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்துதான் தொட்டாள். இந்த வருஷத்துக்கே இதுதான் பெரிய போன், கேமரா மட்டும் தனிக் கேமராவுக்குச் சமம் என்று நீ சொல்லியிருந்தாய். வெயிலில் எடுத்துப் பாருங்கள், நிழலில் எடுத்துப் பாருங்கள், டியூப் லைட்டில், ஃப்ளாஷ் போட்டு, போடாமல், கிட்டே, தூரத்தில், ஓடுகிறதை, நிற்கிறதை என்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து ஏதாவது குறை இருந்தால் தானிஷ் திரும்பும்போது கொடுத்துவிடுங்கள், கடையில் மாற்றித் தருவான் என்றாய். என்னிடம் சொன்னால் சும்மா இருப்பேனா, ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். முதலில் வருகிற படங்கள் எல்லாம் அதுதான். மொட்டை மாடியிலிருந்து மலை, மலை மேல் மேகம்கூடத் தெளிவாக வந்திருக்கிறது. அப்புறம் முருங்கைப் பூ, அதில் உட்கார்ந்திருக்கிற எறும்பின் கால் தெரிகிறது. அப்புறம் உன் அம்மா தோசை ஊற்றுகிற படம், கலைந்த தலையோட எடுத்து அவனுக்கு அனுப்புறீங்களா, வெக்கமா இல்ல என்று கரண்டியை ஓங்கினாள், அந்தக் கரண்டி மட்டும் கலங்கி வந்திருக்கிறது. வேகமாக அசைகிறது கலங்கும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன் நெல்வின்.

அடுத்து ஹெப்சி. சாயங்காலம் கரண்ட் போன நேரம், ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். வலது கண் சிவப்பாக வந்தது, அது எல்லோருக்கும் வருகிறதுதான். இடது கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாக, பால் சொட்டு விட்ட மாதிரி வந்தது. மறுபடி எடுத்தேன், ஒன்றில் வந்தது, ஒன்றில் வரவில்லை, அதற்கடுத்ததில் திரும்பவும் வந்தது. என் வேலை உனக்குத் தெரியும், ஷூவின் மேல்தோல் இடது வலது ஷேடு பார்த்து ஜோடி சேர்க்கிற மேஜை. அங்கே ஒரு ஜோடி டியூப் லைட்டில் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே தள்ளிவிட மாட்டோம், ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். அங்கே ஒத்துப்போனால் தோலில் குறை இல்லை, லைட்டு செய்கிற வேலை என்று சேர்த்துக் கட்டிவிடுவோம். அதே புத்திதான் எனக்கு ஓடியது. மறுநாள் காலை ஹெப்சியை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தேன், இரண்டு கண்ணும் கறுப்பாக, ஜோடியாக வந்தன. சரி, குழந்தையிடம் ஒன்றும் இல்லை, ஃப்ளாஷில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன், நீயும் மாற்றிக்கொள்ளலாம்பா, கொடுத்துவிடுங்கள் என்றாய். அந்த ஜன்னல் கணக்கு தோலுக்குச் சரி, கண்ணுக்குச் சரியில்லை, கண்ணுக்குள்ளே இருக்கிறது ஃப்ளாஷ் அடித்தால்தான் தெரியும் என்று எனக்கு யார் சொல்வது.

அதே வாரம், அவர்களை அங்கே அழைத்துக்கொள்ள நீ கேட்ட விசாப் படத்துக்காகப் பெர்சிஸையும் குழந்தையையும் பஜார் தெரு காசிநாதன் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். அவன் கேமராவின் தலையில் மாட்டிய ஃப்ளாஷ் அடித்தான், அதிலும் அந்தக் கண் வெள்ளை. கொழந்த ஆடிடுச்சு சார், லைட்டு பட்டுடுச்சு, பேஜார் வேணாம், நான் கரெக்ட் பண்ணிடறேன் என்று கம்ப்யூட்டரில் அந்தக் கண்ணைக் கறுப்பாக்கிக் கொடுத்துவிட்டான். விசாவுக்கு அனுப்பியதில் ஒன்றைப் பர்ஸில் வைத்திருப்பதாக நீ சொன்னாயே, அந்தப் படம்தான். அதில் இருக்கிற இடது கண் காசிநாதன் போட்டது. அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய, முகத்தில் பரு இருந்தாலும் மறு இருந்தாலும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஊரே அவனிடம் கேட்கிறது, நல்ல மனசில்தான் செய்தான். இரண்டு கேமராவிலும் ஒரே பழுது எப்படி வரும் என்று எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

இப்போது கார்டில் ஓய்வுநாள் பள்ளிப் படங்களுக்கு வா. போன மாசக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே மழை, பிள்ளைகளைச் சர்ச் ஹாலுக்குள்ளேயே வரிசையாக நிறுத்தி, கூட்டமாக எடுத்தால் எப்படி வருகிறது என்று சோதித்தேன். இருட்டு, அதனால் ஃப்ளாஷ். படத்தைப் பெரிதாக்கிப் பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு கண்ணும் சிவப்பு. நம் பிள்ளைக்கு மட்டும் ஒன்று வெள்ளை. ஹெப்சி நின்ற இடத்தில் வேறொரு பிள்ளையை நிறுத்தினேன், ஹெப்சியை அந்தக் கோடிக்கு மாற்றினேன், திரும்ப எடுத்தேன், அதுதான் அடுத்த படம். அவள் போன இடத்துக்கு வெள்ளையும் கூடவே போயிருக்கிறது. கம்பெனியில் ஒரே லைட்டில் ஒரு லாட் முழுவதும் ஒரு மாதிரி இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால் லைட்டைக் குறை சொல்ல மாட்டோம். அதற்குமேல் அந்தக் கணக்கை என் பேத்தி விஷயத்தில் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை, ஹாலின் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா வந்து, இன்னாங்க, பிரஷரா என்று கேட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். கண் டாக்டரம்மாவிடம் போனையே நீட்டினேன். இந்தப் படங்களைப் பார்த்ததும் அவர்கள் ஹெப்சியை மடியில் வைத்துக்கொண்டார்கள். இடது கண்ணைக் கையால் மூடினார்கள், இவள் பாட்டுக்குப் பொம்மையோடு விளையாடினாள். வலது கண்ணை மூடினார்கள், வீல் என்று அலறி அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினாள். அப்போதே பெர்சிஸுக்குப் புரிந்துவிட்டது, இடது கண்ணில் பார்வை இல்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து டிவி பார்க்கிறாளே, இன்னா ஒரு ஸ்டைல் பாரு என்று நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோமே, அதற்கும் காரணம் அதுதான். பிறகு மயக்க மருந்து கொடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குள்ளே கட்டி, குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய். வலது கண் சுத்தமாக இருக்கிறது, கட்டி இன்னும் இடது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் இப்போதே அந்தக் கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள், பெரியவளாகிப் படிப்பாள், ஓடுவாள், பார்க்கிறவர்களுக்குத் தெரியாத மாதிரி கண் வைக்கலாம் என்றார்கள். தள்ளிப்போட்டால் நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும், அப்புறம் எங்க கையில இல்ல என்றார்கள். வருகிற புதன்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நீ வேறு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று கத்தினாய் அல்லவா, அதையும் செய்தோம், செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போய்க் காட்டினோம். அங்கேயும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார்கள், நாள் தள்ளாதீர்கள் என்றார்கள்.

பெர்சிஸ் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பெத்தவளா நீ என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அப்புறம் உன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஹெப்சி பிறந்ததிலிருந்து அவர் ஒரு தடவகூட நேர்ல பாக்கலயே அத்தை, ஒரே ஒரு தடவ ரெண்டு கண்ணோட பாக்கட்டும், அப்புறம் எங்க சொன்னாலும் கையெழுத்து போடறேன் என்று. நீ புறப்பட்டபோது அவள் வயிற்றில் இருந்த பிள்ளை இது, எனக்கு அது மறந்தா போச்சு. ஆனால் உன் பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில், லீவு டிசம்பரில். டிசம்பர்வரை அந்தக் கட்டி காத்திருக்காது நெல்வின். நான் சொன்னால் மாமனார் அதட்டல், டாக்டர் சொன்னால் பயமுறுத்தல், அம்மா சொன்னால் அழுகை. நீ சொன்னால்தான் அவள் கேட்பாள். கேமரா கோளாறு என்று நீ சொன்ன ஒரு வார்த்தையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இவளோட அப்பாவே ஒண்ணும் இல்லைன்றாங்க மாமா என்கிறாள். அந்த வார்த்தையை நீதான் திரும்ப எடுக்க வேண்டும். எனக்கும் டாக்டர் சொன்னது பொய்யாகிவிடாதா என்றுதான் இருக்கிறது, ராத்திரி எழுந்து தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இரண்டு இமையும் ஒரே மாதிரி மூடியிருக்கின்றன. பயமாக இருக்கிறது. வயசான காலத்தில் உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி கடைசிப் படம். இன்று காலை பெர்சிஸ் என்னிடம் வந்து, ஃப்ளாஷ் இல்லாம எப்படி எடுக்கறது மாமா என்று கேட்டாள். காட்டிக்கொடுத்தேன். ஹெப்சிக்கு நீ அனுப்பிய மஞ்சள் கவுனைப் போட்டு, தலை வாரி, அதே ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அப்பாவைப் பாரு, அப்பாவைப் பாரு என்று சொல்லிக்கொண்டே அவளே எடுத்தாள். குழந்தை வாய் நிறையச் சிரிக்கிறாள், இரண்டு கண்ணும் கறுகறுவென்று உன்னைத்தான் பார்க்கின்றன. காசிநாதன் கை படாத படம். எடுத்து முடித்ததும் பெர்சிஸ் கார்டைத் தானே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை, போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டது இந்தப் படத்தில் இருக்கிறது, நேரில் பார்க்கிற மாதிரி ஆகாதுதான், ஆனால் நமக்கு இப்போது இருப்பது இதுதான். நன்றாகப் பார்த்துக்கொள், வேண்டிய மட்டும் அழுதுகொள், முகம் கழுவிக்கொண்டு பெர்சிஸுக்குப் போன் பண்ணு. நான் பாத்துட்டேன், நீ கையெழுத்து போடு என்று சொல்லு. வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

தானிஷ் ஞாயிறு காலை உன் கேம்ப்புக்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காதே, விஷயம் தெரிந்ததிலிருந்து நம் வீட்டுக்கு வந்தாலே அவன் கண் கலங்குகிறது. கடையில் மாற்றுகிற பேச்சு அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, போனையும் எடுத்துட்டுப் போகவா மாமு என்று நேற்றுக் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். உன் அம்மா இந்த நிலைமையிலும் ஆற்காட்டுக்கு ஆள் விட்டு மக்கன் பேடா இனிப்பு வாங்கிக் கட்டியிருக்கிறாள், அவளைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை, சாப்பிடு. பெர்சிஸுக்கும் குழந்தைக்கும் டிக்கெட் இப்போது போடாதே, டிசம்பரில் நீ வா, ஹெப்சி ஓடிவந்து உன்மேல் ஏறுவாள். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய், ராத்திரி ஜெபம் பண்ணாமல் படுக்காதே. கர்த்தர் உன்னையும் உன் மகளையும் தம் கண்ணின் மணிபோலக் காப்பாராக. செவ்வாய்க்கிழமை ராத்திரிவரை பெர்சிஸ் போனைக் கையிலேயே வைத்திருப்பாள், மறந்துவிடாதே. போனை மாற்ற வேண்டாம் நெல்வின், நல்ல போன். நீ அனுப்பிய கேமராவில் பழுது இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சா. சுந்தர்ராஜ்